உன் வண்டியின் இடப்பக்கப் பெட்டி

இன்று காலை கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வங்கியில் வேலை செய்கிறார்களாம். பைக்கின் பின்னால் புதிதாக மாட்டியிருந்த பெரிய பெட்டிக்கு ஒரு பிரேக் விளக்கும், உள்ளே போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட்டும் வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருகிறார்கள். விற்கிறவர்கள் வெறும் பெட்டியாகத்தான் விற்கிறார்கள். வாங்கி மாட்டிய பிறகுதான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தோன்றுகிறது. ஒயர் நுழைய அடிப்பக்கம் துளை போட்டேன். டிரில் சூடாகி, கறுப்பு பிளாஸ்டிக் இளகி, அந்த நெடி வந்தது. அதே நேரம் ரேணிகுண்டா ரோட்டில் மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. என் கை நின்றுவிட்டது. "ஏமைந்தண்ணா?" என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் தெலுங்கில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தேன். ஆனால் அவர்கள் போன பிறகு வேறு வண்டி எதையும் தொடவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ போய் இரண்டு வருடமாகிறது. இனிச் சொல்லி உனக்கு ஆவது ஒன்றுமில்லை என்று தெரியும். எனக்கு ஆகுமா என்பதும் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

பாலசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். வீட்டில் தமிழ், புத்தகத்தில் தெலுங்கு, இரண்டிலும் உன் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். பத்தாவது முடித்ததும் நான் திருப்பதிக்கு வந்து வண்டி ஒயரிங்கில் சேர்ந்தேன். நீ சித்தூர் பக்கம் கிரானைட் பாலீஷ் போடும் இடத்துக்குப் போனாய். பெரிய பலகையை மெஷின் தேய்க்கும். ஓரத்தைக் கையில் கிரைண்டர் பிடித்து நீ தேய்ப்பாய். வாயில் ஒரு கைக்குட்டை கட்டியிருப்பாய், அவ்வளவுதான் பாதுகாப்பு. பொங்கலுக்கு வரும்போது உன் காதுமடலின் மடிப்பில்கூட வெள்ளைத் தூள் இருக்கும். நான் கிண்டல் செய்வேன். பதினாலு வருடம் அந்தத் தூளை மூச்சாக இழுத்தாய். இருமல் வந்தபோது இரண்டு தரம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது தரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான், இது டி.பி. இல்லை, கல்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது, இனி அதை எடுக்க முடியாது என்று சொன்னார். அப்போது உனக்கு முப்பத்திரண்டு.

ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு நீயும் உன் மனைவி மங்காவும் பஸ்ஸில் வந்து என் கடை முன்னால் இறங்கினீர்கள். உன் தோளில் ஒரு பை, அதிலிருந்து மூக்குக்கு ஒரு டியூப். பெங்களூரில் இருக்கும் மங்காவின் அண்ணன் வாங்கிக் கொடுத்த ஆக்சிஜன் மெஷின். சுற்றியிருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். அதன் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் வரும். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு சீராகும் வரை காத்திருந்தாய். பிறகு பையை என் மேஜைமேல் வைத்தாய்.

"இத வண்டிப் பெட்டில வச்சி கரண்ட் குடுக்க முடியுமாடா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன்னோடு ஓரம் தேய்த்தவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஊரில் என்றாய். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் அதே வேலையில் இருந்தார்கள். வேலையை விடச் சொல்லிப் போன் செய்யலாமே என்றேன்.

"போன்ல சொன்னா ஊம்னு கேட்டுட்டு வச்சிடுவானுங்க. இந்த டியூபோட நான் போயி எதிர்ல நின்னா, ஒரு தரமாவது பாப்பானுங்க இல்ல?"

மங்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று நான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் கண்ணில் இருந்தது. டாக்டரும் வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு வேலையைப் பார்த்தால் அதை எப்படிச் செய்வது என்றுதான் என் புத்தி ஓடும். அது உனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தாய்.

நான்கு நாள் ஆனது. உன் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, அதன் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி, உள்ளே பஞ்சு மெத்தை வெட்டி வைத்தேன், குலுங்காமல் இருக்க. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை ஃபியூஸ் போட்டு இழுத்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி பெட்டிக்குள் சாக்கெட் வைத்தேன். மெஷின் தின்னும் கரண்டுக்கு ஈடாக, முன்விளக்கைக் கழற்றிவிட்டுச் சின்ன எல்.இ.டி. மாட்டினேன். காற்று போய்வர வலை அடித்த இரண்டு துளைகள் போட்டேன். டியூப் வெளியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்தேன். கடைசியாக ஹேண்டில்பாரில், உன் கண் போகும் இடத்தில், ஒரு சின்னப் பச்சை விளக்கு. இது எரிகிற வரை உனக்குக் கவலையே இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னது நான்தான்.

ரேணிகுண்டா வரை போய்த் திரும்பினோம். நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிய நீ, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். நான் செய்த வேலைகளில் அதைப் போல எதற்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு மாதத்தில் பத்துப் பேரைப் பார்த்தாய். ஒவ்வொரு வீட்டுக்குப் போய் வந்த பிறகும் எனக்குப் போன் செய்வாய். ஒருவன் உன்னைப் பார்த்ததும் அழுதான். ஒருவன் மோர் கொடுத்துவிட்டு, உனக்கு வந்தால் எனக்கும் வரணுமா என்று கேட்டான். ஒருவனுடைய அம்மா உன் மூக்கிலிருந்த டியூபைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த நிமிஷமே மகனை வேலைக்குப் போக விடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாளாம். மூன்று பேர் வேலையை விட்டார்கள். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். நீ அதையெல்லாம் ஒரே மாதிரிக் குரலில் சொல்வாய்.

பிறகு அந்த மாங்காய்க் காலம் வந்தது. பகல் இரண்டு மணிக்கு உன் எண்ணிலிருந்து போன். எடுத்தால் வேறு யாரோ தெலுங்கில் பேசினார். பெனுமூர் ரோட்டில், மாந்தோப்பு ஓரமாக ஒருவர் வண்டியோடு சாய்ந்து கிடக்கிறார், உதடு நீலமாக இருக்கிறது, டிராக்டரில் ஏற்றிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். மாங்காய் மேலேயே உன்னைப் படுக்க வைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேரும்போது உனக்கு நினைவு வந்திருந்தது. வண்டியை எடுக்கத் தோப்புக்குப் போனேன். பெட்டியைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது. மெஷின் சூடு தாங்காமல் தானாக நின்றுபோயிருந்தது. நிற்கும் முன் அது கத்தியிருக்கும். மூடிய பெட்டிக்குள், ஓடும் வண்டியில், ஹெல்மெட்டுக்குள் இருந்த உனக்கு அது கேட்டிருக்காது. நான் சாவியைத் திருப்பினேன். ஹேண்டில்பாரில் பச்சை விளக்கு எரிந்தது.

அது பெட்டிக்குக் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் சொல்லும். மெஷின் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. நான் அதை யோசிக்கவில்லை. நீ அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே, காற்று வருகிறது என்று நம்பி, தலை சுற்றும் வரை ஓட்டியிருக்கிறாய்.

ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மங்கா என்னை நிறுத்தினாள். "அண்ணா, அத கழட்டிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று மெதுவாகச் சொன்னாள். அதற்காகத்தான் வந்தேன் என்றேன். நீ கட்டிலில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு ஒயராக உருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சரி பண்ண முடியாதா?"

"முடியாதுடா. அந்தப் பெட்டியோட அமைப்பே அப்படி. சூடு உள்ளயே நிக்கும்."

"இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான்டா."

போன் செய் என்றேன். "அவங்கிட்ட போன்ல பேசற மூஞ்சி எனக்கு இல்ல" என்றாய். அவன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்வாய், சொன்னால் என் கை நின்றுவிடும் என்று பயம். நான் கடைசி ஒயரை உருவியதும், "உனக்குத் தெரியாத ஒயரிங் இன்னாடா இருக்குது" என்றாய். அது என்னைப் பாராட்டியதா, என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னதா, இன்று வரை எனக்குப் புரியவில்லை.

பொய்தான். பெட்டியின் மறுபக்கம் இன்னும் இரண்டு துளை போட்டு, சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி வைத்திருக்கலாம். மெஷின் நின்றால் ஹேண்டில்பாரில் கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸர் வைத்திருக்கலாம். வெயில் நேரத்தில் போகாதே என்று சொல்லியிருக்கலாம். அன்று திரும்பி வரும்போது, புத்தூர் தாண்டுவதற்குள் முழு ஒயரிங்கும் என் மனதில் வரைந்து முடிந்திருந்தது. இரண்டு நாள் வேலை. நான் செய்யவில்லை.

அதன் பிறகு நான்கு மாதம் நீ வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் வந்தபோதெல்லாம் வேறு பேச்சு பேசினோம். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை நீ போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, மங்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கடைசி ஆள் அவளுடைய பெரியம்மா மகன் முனிரத்தினம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவனை நல்ல வேலை என்று சொல்லி நீதான் பாலீஷுக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தாயாம். "மூணு தரம் அவன் வூட்டுக்குக் கெளம்பி, பாதி வழில திரும்பி வந்தாரு அண்ணா. தோப்புல விழுந்த அன்னிக்குதான் போயே தீருவேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். பெனுமூரைத் தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டர். வீட்டின் முன்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னேன். பாயைக்கூடப் போடவில்லை. சாவுக்குக்கூட வராதவன் அவன். நீ மற்ற பத்துப் பேரையும் போய்ப் பார்த்தது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எல்லாரையும் பாத்தான். என்ன மட்டும் ஏன் பாக்க வர்ல?"

வந்துகொண்டுதான் இருந்தான் என்றேன். தோப்பையும் டிராக்டரையும் சொன்னேன். அதற்கப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்டான். நான் ஒயரைக் கழற்றியதைச் சொன்னேன். சரி செய்ய முடிந்தும் முடியாது என்று சொன்னதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அவனிடம் வாயில் வந்துவிட்டது.

அவன் கையிலிருந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து, என் எதிரில் குந்தினான்.

"வந்திருந்தான்னா அவன அசிங்க அசிங்கமாத் திட்டித்தான் அனுப்பியிருப்பேன். அத வாங்கிக்கினு போகத்தான் அவன் வந்துக்கினு இருந்தான். நீ நடுவுல பூந்து நிறுத்திட்ட."

என்னைத் திட்டு என்றேன்.

"உன்னத் திட்டி இன்னா பண்றது" என்றான்.

அன்று அவன் என்னோடு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனே போன் செய்தான். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான்தான் என் வண்டியில் கூட்டிப் போனேன். எக்ஸ்ரேயில் அவனுக்கும் இருக்கிறது. ஆரம்பம், இப்போதே தூசியை விட்டு விலகினால் ரொம்ப நாள் தள்ளலாம் என்றார் டாக்டர். விலகிவிட்டான். இப்போது மறுபடி டெம்போ ஓட்டுகிறான். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செக்கப்புக்கு வரும்போது கடைக்கு வருவான், டீ குடிப்போம். உன்னைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான். ஒரு தரம் மட்டும், முன்பெல்லாம் நீ டெம்போவில் அவனோடு எங்கே உட்கார்ந்து வருவாய் என்று அவனாகச் சொன்னான். சொல்லிவிட்டுப் பாதி டீயோடு எழுந்து போய்விட்டான்.

நான் பெட்டியைக் கழற்றியதால்தான் நீ இன்னும் நான்கு மாதம் இருந்தாய் என்று மங்கா இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லும் தைரியம் வருமா என்பதும் தெரியவில்லை. அந்த நான்கு மாதமும் நீ கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, நிறுத்தி வைத்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று சொன்னதும் அவள்தான்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லைடா. உன் எண்ணிலிருந்து வேறு யாரோ பேசும் போன் இன்னொரு தரம் எனக்கு வரக் கூடாது என்றுதான் சொன்னேன்.