கிருமிக்கு மட்டும் விமானம்

மே 6

இன்று எங்கள் பெரிய ஃப்ரீசரைப் பறிகொடுத்தோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை ஆறு நாடுகள் சேர்ந்து ஆராய்கிறோம். எங்கள் பங்குக்குச் சேர்த்து வைத்தவை எல்லாம் மூலையில் இருக்கும் சின்ன ஃப்ரீசருக்குக் குடிபெயர்ந்தன. புது வைரஸின் மாதிரிகளுக்கு இடம் வேண்டுமாம்.

"உங்க பாக்டீரியா எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் ஆய்வகத் தலைவி.

ஓடாது என்று யார் சொன்னது? அது எங்கெங்கே ஓடுகிறது என்று பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்.

மே 19

திரைக் கூட்டம். ஆறு நாட்டுக்காரர்களும் அவரவர் சமையலறையில். ஒருங்கிணைப்பாளரின் பூனை குறுக்கே நடந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஜூன் முடிவதற்குள் புதிதாக ஒரு மாதிரியாவது தராத ஆய்வகத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் இந்த ஊரில் எந்த மருந்து தோற்கிறது என்று பார்க்க நாதி இருக்காது.

மாதிரிக்கு எங்கே போவேன்? வார்டு முழுக்க வைரஸ்காரர்கள். புண், சீழ், நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் பயந்துபோய் வீட்டிலேயே கிடக்கிறார்கள். அங்கே என்ன விழுங்குகிறார்கள் என்பது தெரிந்த கதைதான்.

மே 20

தெரிந்த கதை என்று எழுதியது என் வீட்டை வைத்துத்தான். மாமனார் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் அட்டை ஆன்டிபயாடிக் வைத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் நண்பராம்.

"இது வைரஸை ஒண்ணும் பண்ணாது மாமா."

"ஒரு தடுப்புக்குத்தாம்மா."

"லேப்ல வளர்த்துப் பாக்காம முழுங்கக் கூடாது. என்ன கிருமி, எதுக்குச் சாகும்னு தெரியணும்ல?"

"நான் எதை வளர்க்க? தலையில முடியே வளரலை."

சிரித்துவிட்டேன். சிரித்தால் தோற்றேன் என்று அவருக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 2

மாதிரி இல்லை. கை மட்டும் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 11

மாமாவுக்குக் குளிர் ஜுரம். வைரஸ் இல்லை என்று முடிவு வந்ததும் வீடே நிம்மதியானது, ஜுரத்தைத் தவிர. சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். மருமகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமாம். நான் நாள் முழுக்கப் பார்ப்பதே ஊர்ச் சிறுநீரைத்தான்!

மருத்துவமனையில் சேர்த்து ஊசி ஆரம்பித்தார்கள். சிறுநீரை நானே கொண்டுபோய்த் தட்டில் தேய்த்து, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 12

தட்டில் ஒன்றும் வளரவில்லை. "சுத்தமா இருக்கே, நல்லதுதான?" என்றார் தலைவி.

எழுத வேண்டியது இரண்டே சொல் — வளர்ச்சி இல்லை. கை ஓடவில்லை. பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். எப்போதும் மாதிரியோடு கூட, கட்டாயம் வளரும் என்று தெரிந்த ஒரு சாதுக் கிருமியையும் வைப்போம். ஆறு நாட்டிலும் அதே கிருமி. அதுவும் வளரவில்லை.

சுத்தம் செய்பவரைக் கேட்டேன். "நேத்து சாயங்காலம் ரூம் பூரா மருந்துப் புகை அடிச்சோம் மேடம். அந்தச் சூட்டுப்பெட்டியையும் திறந்து உள்ள நல்லா அடிச்சோம். கிருமி இருக்கும்ல?"

இருக்கும். அதற்குத்தான் அந்தப் பெட்டி. அவரை என்ன சொல்ல? எல்லாக் கருவிக்கும் உள்ளும் புறமும் அடிக்கச் சொன்னது தலைவி. கேட்டுக்கொண்டிருந்த தலைவியின் முகம் வெளுத்துவிட்டது.

ஒரு நாள் வீணாப் போச்சே. போடற ஊசி கேக்கலை, ஜுரம் ஏறிக்கிட்டே போகுது, மாமா பினாத்தறாரு — நான் பாட்டுக்கு 'வளர்ச்சி இல்லை'ன்னு எழுதியிருந்தா?

மறுபடி சிறுநீர் எடுத்தேன். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சூட்டுப்பெட்டியைத் தலைவியே என்னோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார். 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியதும் அவர்தான்.

ஜூன் 14

நேற்றே தட்டு நிறைய வளர்ந்துவிட்டது. அதன் மேல் மருந்து தோய்த்த வில்லைகளை வைத்து இன்று பார்த்தேன். கண்ணாடிக் கூட்டு மாத்திரையின் வில்லையை ஒட்டியே கிருமி உட்கார்ந்திருக்கிறது, பழகின வீடு மாதிரி. இப்போது போடும் ஊசியையும் சட்டை செய்யவில்லை. ஒரே ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி செத்துத் தெளிந்த வட்டம். டாக்டருக்கு போன் செய்தேன். மதியமே மாற்றிவிட்டார்.

வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஆனால் வட்டத்தைப் பார்த்த அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது — மாதிரி கிடைத்துவிட்டது. என்ன ஜென்மம் நான்?

ஜூன் 24

மாமா வீடு திரும்பிவிட்டார். அவர் கிருமியை ஆய்வுக்கு அனுப்பச் சம்மதம் கேட்டேன்.

"மனுஷனுக்கு விமானம் இல்லைங்கறாங்க, இதுக்கு மட்டும் உண்டா?"

"சரக்கு விமானம் மாமா. ஐஸ் பெட்டியில வச்சு, பத்திரமா."

"என்னை ஒருத்தரும் இப்படி வழியனுப்பினதில்லை" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆய்வில் நீடிக்கிறோம். ஒருங்கிணைப்பாளர் திரையில் கை தட்டினார். பெரிய ஃப்ரீசரில் ஓர் அடுக்கு திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஜூலை 9

காலையில் தொண்டை கரகரப்பு, உடம்பில் லேசாகச் சூடு. பயந்துவிட்டேன். வேறென்ன சொல்ல. கூடத்தில் யாரும் இல்லை. மேஜை மேல் கண்ணாடிக் கூடு. உள்ளே பழைய அட்டையில் மிச்சம் இருந்தது. தூக்கிப்போட யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

அறை வாசலில் மாமா.

"அங்கயே நில்லும்மா, கிட்ட வராத. அதை மேஜையில வை."

வைத்தேன்.

"முதல்ல டெஸ்ட் எடு. என்ன கிருமின்னு தெரியாம முழுங்கக் கூடாதாம். எங்க வீட்டுல ஒருத்தி சொல்லுவா."

தண்ணீரை மட்டும் குடித்தேன்.