பீரோவில் பூட்டிய கல்யாணம்

அன்புள்ள இர்ஃபானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கம்ப்யூட்டர் கடை முதலாளி ஒரு மேதை. "வீடியோ சேத்து வைக்கிற இந்த எஸ்எஸ்டில, பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி சுத்துற தட்டே கிடையாது, அதுக்குச் சாவே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். மகளின் நிக்காஹ் வீடியோவைத் தேய்ந்துபோன பழைய எஸ்எஸ்டியில் ஏற்றி, பட்டுத்துணியில் சுற்றி, ஏசி இல்லாத குடோன் பீரோவில் நகைபோலப் பூட்டி வைத்தார். துபாய் வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்ததை நேற்று மாட்டினால், உள்ளே ஒன்றுமே இல்லை.

"பூட்டித்தானே வச்சிருந்தேன், எவன்டா எடுத்தான்?" என்று என் பையைத் துழாவினார்! மின்சாரமே கொடுக்காமல் வெக்கையில் போட்டால் பதிந்தது கசிந்துபோகும் என்றேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார். வேலை போகவில்லை, கவலைப்படாதே.

அறைத்தோழன் ஃபாஜில் ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் போன வருஷம் வீடியோவில் பேசி அனுப்பிய எஸ்எஸ்டியை நீயும் நகையோடுதான் வைத்திருப்பாய். அந்த அறிவாளி மாதிரி பூட்டாதே. அடிக்கடி கம்ப்யூட்டரில் மாட்டி, நான் பேசுவதை நம் மகள் ஆஷிகாவுக்குக் காட்டு. போன தடவை ஊருக்கு வந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாரும்மா இவங்க?" என்று உன்னிடம் கேட்டாள்.

அவசரத்துடன்,
ஜக்கரியா