கட்டவிழ்ப்பாரும் என் வீட்டு வாசலும்

ஜூன் 3, திங்கள்

இன்று சுவர்க் கடிகாரம் போய்விட்டது. திருடன் கொண்டு போகவில்லை. விடுதலை கொண்டு போனது.

கடிகாரத்தின் நடுவில் ஓர் ஆந்தைப் படம் உண்டு. ஆந்தை வழியாக வீட்டுக்குள் 'கட்டு' நுழைகிறது என்று பாஸ்டர் சொன்னாராம். என் மனைவி அதைப் பழைய துணியில் சுற்றி, பஸ் ஏறிப் போய், எங்கோ போட்டுவிட்டு வந்தாள். போன வாரம் மர யானை. அதற்கு முந்தின வாரம், நான் மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ. அந்தப் பாம்பு பன்னிரண்டு அடி. பாம்பை வைத்திருந்தவனே பயந்து தள்ளி நின்றான். சரி, எட்டு அடி இருக்கும்.

'கட்டு' என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன், பின்னால் வரும் சந்ததிக்கு உதவும். பாவம், பிசாசு, முன்னோர் சாபம் எல்லாம் கயிறு மாதிரி ஆளைச் சுற்றியிருக்கிறதாம். அதை அவிழ்ப்பதற்கென்றே நாற்காலிக் கடை மாடியில் ஒரு சபை, 'பூரண விடுதலைச் சபை'. அந்தப் பாஸ்டருக்கு நான் வைத்த பெயர் கட்டவிழ்ப்பார். பெயர் வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒவ்வொரு ஞாயிறும் அவிழ்க்கிறார். அடுத்த ஞாயிறுக்குள் புதிதாக ஒரு முடிச்சு முளைத்துவிடுகிறது.

ஜூன் 5, புதன்

மற்றவர்களுக்கு முழங்காலில் நின்றால் ஞானம் வரும். எனக்குத் தையல் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் வரும். ரெடிமேட் சட்டைத் தொழிற்சாலையில் நான் மெஷின் மெக்கானிக். முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எனக்கு 'மாமா' என்றுதான் பெயர். நான் ஒரு நாள் வராவிட்டால் பாதி உலகம் சட்டையில்லாமல் அலையும்.

இன்று படுத்திருந்தபோது தோன்றியது: நான் ஒரு மெஷினைச் சரி செய்து கொடுத்தால் அது வாராவாரம் திரும்பி வருமா? வந்தால் மெக்கானிக் சரியில்லை என்று அர்த்தம். சிலுவையில் ஒரே தரம் வேலை முடிந்தது என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வேலையைக் கட்டவிழ்ப்பார் வாராவாரம் திறந்து பார்த்து ரிப்பேர் செய்கிறார் என்றால், யாரைக் குறை சொல்கிறார்?

எட்டாவது வரைதான் படித்தேன். ஒன்பதாவது எனக்கு அவசியமில்லை என்று ஹெட்மாஸ்டரே சொல்லிவிட்டார்.

இதைக் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். துணியில் சாக்பீஸால் கோடு போட்டபடி கேட்டார்: "யோவ் மாமா, அப்ப உன் கணக்குல விடுதலைன்னா என்ன?"

"எவனுக்கும் பதில் சொல்ல வேணாம். அதான்."

"அப்படிப் பாத்தா தெருநாய் எல்லாம் பரிசுத்தவான்தான்."

துணி வெட்டுகிறவனுக்குத் தத்துவம் எதற்கு.

ஜூன் 9, ஞாயிறு

மகள் போன் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வேறு மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. இப்போது எட்டாம் மாதம்.

"அப்பா, டாக்டர் அடுத்த மாசக் கடைசின்னு சொல்லிட்டாங்க. போன தடவை மாதிரி தனியா இருக்க பயமா இருக்குப்பா. அம்மா பக்கத்துல இருந்தா போதும். நாங்களே வர்றோம்."

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. போனில் தலையாட்டல் கேட்காது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டவிழ்ப்பாரின் தீர்ப்பு இது. மகள் வரலாம், தனியாக வர வேண்டும், வந்தவுடன் அவளுக்குக் கட்டு அவிழ்க்க வேண்டும். மருமகன் வாசலைத் தாண்டினால் அவிழ்ந்ததெல்லாம் பழையபடி விழும், இந்தப் பிள்ளையும் தங்காது.

"அவர் இல்லாம நான் வரமாட்டேன்ப்பா" என்றாள் மகள். என் ரத்தம்.

நான் இவளிடம், "உன் பாஸ்டர்கிட்ட ஒரு செக்போஸ்ட் போடச் சொல்லேன், மருமகன் காலைச் சோதனை போட்டு உள்ள விடலாம்" என்றேன். நல்ல நகைச்சுவை. அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பயத்தைக் கேலி செய்தால்தான் போகும். என் அனுபவம்.

ஜூன் 12, புதன்

எண்ணெய் தீர்ந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் வாசல் நிலையில், ஜெபம் பண்ணிக் கொடுத்த ஒலிவ எண்ணெயைத் தடவினால்தான் இவளுக்கு மூச்சு வரும். இன்று சீசாவைக் கவிழ்த்துக் குலுக்கினாள், ஒரு சொட்டும் இல்லை. பாஸ்டர் ஏதோ முகாமுக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரக் கடைசியில்தான் வருவாராம்.

நான் வேலை முடிந்து வந்தபோது கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியது. உள்ளே வர எனக்கே வழியில்லை.

"என்ன, கதவுக்கு ஜலதோஷமா? தைலம் தடவாம விட்டுட்டியா?"

வழக்கமாகக் கோபப்படுவாள். இன்று கோபப்படவில்லை. "ஏங்க, அந்தக் குழந்தைக்கு எதாவது ஆயிடுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

விடுதலை பெற்ற ஒரு மனுஷி இப்படியா இருப்பாள்? சிறையில் இருப்பவன்கூடக் கதவைப் பார்த்து உட்காருவான்.

ஜூன் 13, வியாழன்

வேலையிலிருந்து மெஷின் எண்ணெய் கொஞ்சம் கொண்டுவந்தேன். வெள்ளை எண்ணெய், தண்ணீர் மாதிரி இருக்கும். சீசாவில் ஊற்றி, "பாஸ்டர் ஆள் மூலமா அனுப்பியிருக்கார்" என்றேன். இவள் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு வாசல் நிலையில் தடவினாள்.

வயிற்றுக்குள் சிரிப்பை அடக்கியதில் விலா வலிக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

நான்கு நாளாகத் தையல் மெஷின் எண்ணெய் பிசாசைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று துணி மடிக்கும்போது பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.

நான் ஒரு இறையியல் அறிஞனாகியிருக்க வேண்டியவன். வறுமை தடுத்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

இன்று மதிய உணவு நேரத்தில் சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் அடக்குவது. மேஜையைச் சுற்றித் தையல்காரர்கள், இஸ்திரிக்காரர்கள், செக்கிங் பெண்கள் எல்லோரும். நான் கதவை நடித்தேன், நடுங்கும் கையை நடித்தேன், சீசாவைக் கொடுத்த என் பக்தி முகத்தை நடித்தேன். இவள் தடவியதும் வாசலில் ஒரு ஒளி தெரிந்ததாகவும், அதைப் பார்த்து இவள் மூன்று தடவை அல்லேலூயா சொன்னதாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். உப்பு இல்லாமல் எந்தச் சாப்பாடு.

சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. கட்டிங் மாஸ்டர் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனார். பொறாமை.

ஜூன் 19, புதன்

பட்டன் துளை போடுகிற அம்மாவும் அந்தச் சபைக்குத்தான் போகிறாள். எனக்கு மறந்தே போய்விட்டது. இன்று அவளாகவே வந்து, "மாமா, எண்ணெய் விஷயத்தை பாஸ்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன், உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன். வீட்டைத் திருப்பி ஆசீர்வதிக்கணுமில்ல, நல்லதுக்குத்தான்" என்றாள்.

வீட்டில் இவள் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள். வாசலில் எண்ணெயும் தடவவில்லை.

பேசாமல் இருப்பவளிடம் என்ன பேசுவது? நான் பேச்சில் ஜெயிக்கிறவன். எதிராளி வாயைத் திறக்க வேண்டாமா?

ஜூன் 23, ஞாயிறு

காலையில் பையை எடுத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினாள். "திரும்ப அங்கயா?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். கூட்டம் முடியும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

என்ன நடந்திருக்கும்?

ஜூன் 24, திங்கள்

நடந்தது இதுதான். பட்டன் துளை அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை, தேவையும் இல்லை.

கட்டவிழ்ப்பார் மேடையிலிருந்தே இவளைக் காட்டி, இந்தச் சகோதரியின் வீடு பொய் எண்ணெயால் தீட்டுப்பட்டது, முன்பைவிட ஏழு மடங்கு கட்டு விழுந்திருக்கிறது, எழுந்து முன்னால் வரட்டும் என்றாராம். இவள் எழுந்தாள். முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டாளாம்:

"ஐயா, நாலஞ்சு நாள் வாசல்ல இருந்தது மெஷின் எண்ணெய். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப இத்தனை நாள் காத்தது யாரு?"

அவர் வேதப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாராம்.

"எண்ணெய் காக்கலன்னா, என் மருமகன் கால் என்ன செஞ்சுடும்?" இதையும் கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாளாம்.

என் மனைவி. நான் வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதை இரண்டே கேள்வியில் முடித்துவிட்டாள். என்னிடமிருந்துதான் கற்றிருப்பாள்.

ஜூன் 25, செவ்வாய்

அதை இன்று அவளிடமே சொன்னேன். பாராட்டாகத்தான். "நம்ம எண்ணெய் எப்படி வேலை செஞ்சுது பாத்தியா? கட்டவிழ்ப்பார் வாயையே கட்டிப்போட்டோமே."

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"அது மெஷின் எண்ணெய்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இத்தனை வருஷமா உங்க சட்டையைத் துவைக்கிறவ நான். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்குத் தடவின?"

"நான் பயப்படறேன்னு நீங்க மனசுல வாங்கி, எனக்காக ஒண்ணு செஞ்சீங்களேன்னு நினைச்சேன். அதுலதான் தூக்கம் வந்துது. அப்புறம்தான் தெரிஞ்சுது, சாப்பாட்டு மேஜையில கதை சொல்லச் செஞ்சீங்கன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க. இன்னும் முடிக்கல. பாப்பா கல்யாணம் பண்ணிட்டுப் போனதுக்கு அப்புறம் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். உங்ககிட்ட சொன்னா நீங்க என்னை மாதிரியே நடிச்சுக் காட்டுவீங்க. அங்க போனா யாரும் சிரிக்கல. அவர் பயமுறுத்தித்தான் வச்சிருந்தார், தெரியும். ஆனா உங்க வாய்க்குப் பயந்துதான் நான் அங்கயே இருந்தேன்."

கத்தியை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"ஆண்டவர் விடுதலை குடுத்தார்னா, பாஸ்டர் எண்ணெய்க்கும் பயப்பட வேணாம், உங்க சிரிப்புக்கும் பயப்பட வேணாம். எனக்கு இப்பதான் அது புரியுது. பயம் போயிட்டா யாருக்கும் பதில் சொல்ல வேணாம்னு நீங்க சொல்லிட்டுத் திரிவீங்க. எனக்கு அப்படித் தோணல. பயம் போயிட்டா பாப்பாகிட்ட போலாம்னு தோணுது. அவ காலைப் பிடிச்சு விடலாம்னு தோணுது. அவ்வளவுதான்."

அப்புறம் காய் நறுக்கினாள்.

ஜூன் 26, புதன்

சாப்பாட்டு மேஜைக்கு இன்று போகவில்லை. மெஷினுக்கு அடியிலேயே படுத்திருந்தேன். ஞானம் எதுவும் வரவில்லை.

கட்டவிழ்ப்பாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு இவள் பயம் சபைக்கு ஆகும். எனக்குக் கதைக்கு ஆகும்.

— இந்த வரியை அடிக்கலாமா என்று யோசிக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 27, வியாழன்

இவளே போன் செய்தாள். "பாப்பா, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. இங்க கொஞ்ச நாள் இருந்துட்டு, வலி வர்றதுக்குள்ள நானும் உங்க கூடவே வந்துடறேன்." அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "அழாத, வயித்தை இழுத்துப் பிடிக்கும்" என்றாள்.

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கும் கையோடுதான் பேசினாள். அதை நான் சரியாகப் பார்த்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

வந்தார்கள். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கிறாள். மருமகன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான். அவனுக்கும் எல்லாம் தெரியும் போலிருக்கிறது. "நான் அப்புறம் வர்றேன் அத்தை, சாமானை மட்டும் வச்சுட்டு..." என்று இழுத்தான். இவள் வெளியே இறங்கிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நிலையைத் தாண்டும்போது கண்ணை ஒரு நொடி மூடினாள். திறந்தாள். "குடிக்கத் தண்ணி தரட்டுமா?" என்றாள்.

சாயங்காலம் கட்டவிழ்ப்பாரே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து மூக்கில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டே, "சகோதரி, உங்க நன்மைக்காகத்தான் எச்சரிக்க வந்தேன்" என்றார்.

என் நாக்கில் ஒன்பது வாக்கியம் தயாராக இருந்தது. ஒவ்வொன்றும் முத்து. அவரை அந்தப் படியிலேயே உருட்டிவிட்டிருக்கலாம். மகள் என்னைப் பார்த்தாள். மருமகனும் பார்த்தான். இவள் மட்டும் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க ஐயா" என்றாள் இவள். "எச்சரிக்கை எல்லாம் வேணாம். எனக்கு இப்ப அந்தப் பயம் இல்ல. ஆனா வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."

அவர் உட்காரலாமா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நான் போய் நாற்காலி எடுத்துவந்து போட்டேன்.

மருமகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "ஐயா, ஒரு நிமிஷம் குடுங்க, ஸ்க்ரூ லூசாயிருக்கு" என்று அவர் கண்ணாடியை வாங்கி, சட்டைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவர் எடுத்து முடுக்கினான். கண்ணாடி இல்லாமல் கட்டவிழ்ப்பார் சாதாரணக் கிழவராகத் தெரிந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். விழவில்லை. "தேங்க்ஸ் தம்பி" என்றார்.

ஜெபம் பண்ணட்டுமா என்று அவர் கேட்கவில்லை. இவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 1, திங்கள்

மதியம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். பட்டன் துளை அம்மா மூலம் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது, பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று. சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு மாமா, என்னாச்சு? ஆளை ஓட ஓட விரட்டியிருப்பியே?"

"வந்தார். உக்காந்தார். தண்ணி குடிச்சார். போனார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கட்டிங் மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.