அழுத்திவிட்டு ஓடுகிறவர்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். ரோடுதான் சுகமாக இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் போன் பண்ணினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோபமும் உங்கள் மேல் இல்லை.

நம் வீட்டுக்கும் நம் மெஷின் ரிப்பேர் கடைக்கும் நடுவில் சிக்னல் போட்டுவிட்டார்கள். உங்களுக்கு அந்த ரோட்டில் அடிபட்ட பிறகு நான் மனு எழுதி, கடைத்தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, சாலைத்துறை ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கியது. கம்பத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திவிட்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் வண்டிகளுக்குச் சிவப்பு விழும், நடப்பவருக்குப் பச்சை வரும். திறந்து வைத்த அன்று ரொட்டிக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "நம்ம தையல் மெஷின் மெக்கானிக்குக்கு நடந்தது இனிமே யாருக்கும் நடக்கக் கூடாது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். பட்டனை எல்லாரும் அழுத்துகிறார்கள், நிற்கத்தான் ஆள் இல்லை. அழுத்திய கையோடு வண்டிகளுக்கு இடையில் புகுந்து ஓடிவிடுகிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போய், சாமான் வாங்கி, சில்லறையும் வாங்கிப் பையில் போட்ட பிறகு சிவப்பு விழுகிறது. வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸும் லாரியும் நிற்கின்றன. ஓடத்தான் போகிறீர்கள், பிறகு எதற்கு அழுத்துகிறீர்கள் என்று ரொட்டிக்கடைக்காரரையே கேட்டேன். "அழுத்திட்டு ஓடினா ஒரு தைரியமா இருக்குக்கா" என்கிறார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். மைக்கில் தழுதழுத்த அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

வண்டிக்காரர்கள் எத்தனை நாள் ஏமாறுவார்கள்? புலி வருது கதையாகிவிட்டது. போன வாரம் பச்சை வந்த பிறகுதான் நான் காலை எடுத்து வைத்தேன். ஒரு தண்ணீர் லாரி சிவப்பை மதிக்காமல் வந்து, என் கைப்பையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையை வெளியே நீட்டி, "தினமும் ஆளே இல்லாத ரோட்டுக்கு நிக்குறேன். இன்னைக்கு ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். அழுத்திவிட்டு எவனாவது ஓடப் பார்த்தால் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன். எனக்குக் கம்பத்தக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். "அம்மா, என் ஆபீஸ்காரங்க எல்லாம் இந்த வழியாத்தான் வர்றாங்க" என்று உங்கள் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். வரட்டும். முதலில் ஓடுகிறவர்களே அவர்கள்தான். ஓட முடிந்தவர்களுக்கு சிக்னல் வேண்டாம் என்றால் தொடாமல் போகட்டும். ஓட முடியாத ஒருவர் நம்பி நிற்கிற இடத்தை ஏன் கெடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நேற்று சாலைத்துறையிலிருந்து அந்த இன்ஜினியர் அம்மா வந்தார். ஆரம்பத்திலிருந்து நமக்காக ஆபீஸில் வாதாடியவர் அவர் ஒருவர்தான். சிக்னலால் வண்டிகள் வீணாக நிற்கின்றன, நடப்பவர் யாருமே இல்லை என்று புகார் மேல் புகாராம். சாக்கைப் போட்டு மூடி, பிறகு கழற்றிவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். மாதக் கடைசித் திங்கட்கிழமை காலையில் பெரிய அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார். "இது இல்லாம ரோட்டைத் தாண்டவே முடியாதவங்க ஒருத்தராவது அன்னைக்கு நடந்து காட்டினா, மிச்சத்தை நான் பேசிக்கிறேன்க்கா. உங்க வீட்டுக்காரர் வருவாரா" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "அவர் என்ன கண்காட்சியில வைக்கிற சாமானா" என்று கேட்டுவிட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாவம், அவரைத் திட்டியிருக்கக் கூடாது.

நீங்கள் ஏன் போனீர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் தடவையாகக் கடைக்குக் கிளம்பினீர்கள். ஊன்றுகோலோடு நடு ரோட்டில் மாட்டிக்கொண்டீர்கள். நாலா பக்கமும் ஹாரன். ரொட்டிக்கடைக்காரர் பாய்ந்து வந்து, உங்களை மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, கடை வாசலில் இறக்கினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். சிலர் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் மெஷின் எதையும் இன்றுவரை நான் தொடவில்லை. மறுநாளே நாலு நாள் ஓய்வு என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போனீர்கள். மழைக்காலம் போய் வெயில்காலமும் போய்விட்டது. நாலு நாள் இவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நீங்கள் விட்டுப்போன பழைய ஊன்றுகோலை அக்குளில் வைத்து, இடது காலைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பச்சையில் நான் நடந்து பார்த்தேன். அது என் உயரத்துக்குப் பெரிது, தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. எனக்கும் அடிபட்டுவிட்டதோ என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அப்படியும் நான் அந்தப் பக்கம் ஏறிய பிறகுதான் பச்சை சிமிட்ட ஆரம்பித்தது. நேரம் போதும். யாரும் உங்களைத் தூக்க வேண்டியதில்லை.

அதனால் அந்தத் திங்கட்கிழமை வாருங்கள். அதிகாரிக்குக் காட்டுவதற்காக வர வேண்டாம், அவர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். சிக்னலைக் கழற்றிவிட்டால் நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடுகிறவர்களைப் பிடித்து நிறுத்த ரொட்டிக்கடைக்காரரைக் கம்பத்தடியில் நிறுத்துகிறேன். உங்களை மட்டும் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. நான் ரோட்டுப் பக்கமே வரமாட்டேன், கையை நீட்ட மாட்டேன். கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்களே தாண்டி வந்து வாசலில் நின்று, "இந்த மெஷினை இப்படிக் கெடுத்து வெச்சது யாரு" என்று சத்தம் போடுங்கள்.

அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி