மிச்சம் மூன்று

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும்.

நம் பெண் உருவான மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "உங்க கரு மூணு இன்னும் உறைபெட்டியில மிச்சமிருக்கு. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீங்களா?" மிச்சம் என்றதும் சுருக்கென்றது. அது சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தை இல்லையா?

என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க ஆய்வகத்துக்கே போய்விட்டேன். நுண்ணோக்கியில், வேறு யாரோ கொடுத்த கருவிலிருந்து எடுத்த செல்கள் சோப்பு நுரை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணை எடுக்க மனமே வரவில்லை.

"இது என்னவா மாறும்?"

"இதயம், நரம்பு, எதுவா வேணும்னாலும் மாறலாம். அது இன்னும் முடிவு பண்ணல" என்றார் ஆய்வாளர்.

"செல்லை எடுத்தப்புறம் கரு?"

"இருக்காதுங்க" என்றார், மழுப்பாமல்.

அதுதான் உறுத்துகிறது. யாருக்கோ பார்வைகூடத் திரும்பலாம் என்கிறார்கள். ஆனால் அன்று உருவான நாலு கருவில் நம் பெண்ணுக்கு மட்டும் என் வயிற்றில் இடம் கிடைத்தது தற்செயல்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இருவர் சம்மதமும் வேண்டுமாம். ஒரு நடை வந்து பேசுங்கள்.

நீங்கள் எப்போது வீடு திரும்புவீர்கள் என்று உங்கள் அம்மா கேட்டார். "இன்னும் முடிவு பண்ணல" என்று ஆய்வக பாஷையிலேயே சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் மகளின் அம்மா