காசித்துண்டை ‘உயர்தரக் கட்டு’ என்று எழுதிய மருத்துவமனையின் பதிலுக்கு என் மறுப்பு

அனுப்புநர்:
கி. பியூலா (வயது 44),
கணவர் பெயர்: கிறிஸ்துராஜ்,
தெற்குத் தெரு, சேத்தூர்,
இராஜபாளையம் வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
விருதுநகர்.

பொருள்: காப்பீட்டு அட்டை இல்லை என்ற காரணத்தால் என் கணவருக்கு அவசர சிகிச்சை மறுத்த ‘கருணைச்சுடர்’ மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை தங்களுக்கு அளித்துள்ள பதிலில் உள்ள பொய்கள் – என் விளக்கம் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) எனது புகார் மனு, நாள் 09.12.2024. 2) மேற்படி மருத்துவமனையின் பதில், நாள் 20.01.2025. 3) என் விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 03.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 2-இல் கண்ட பதிலின் நகலைத் தாங்கள் அனுப்பிவைத்ததற்கு நன்றி. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள் பிரிஸ்கில்லா வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். வழவழப்பான தாள். அதில் என் கணவரின் பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கிறது. அறுபட்டது எந்தக் கை என்பது ஓரிடத்திலும் இல்லை. ‘நோயாளியின் நலனே எங்கள் உயிர்மூச்சு’ என்பது மட்டும் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் பிழையில்லாமல் இருக்கிறது.

அப்பதில் குறித்து நான் தெரிவிக்க வேண்டியவை:

1. என் கணவர் கிறிஸ்துராஜ் கண்ணாடி, அலுமினிய வேலை செய்பவர். ஜன்னல்களுக்கு அளவெடுத்து, அறுத்து, பொருத்துவார். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் புகைப்படம் எடுத்த நாளில் அவர் தென்காசியில் வேலையாக இருந்தார். என் பெயரும் பிள்ளைகள் பெயரும் ஏறின, அவர் பெயர் விடுபட்டது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அது எங்கள் தவறு. ‘நோயாளி எந்தக் காப்பீட்டிலும் இல்லாதவர்’ என்று மருத்துவமனை எழுதியிருப்பது முற்றிலும் உண்மை. ஐந்து பக்கத்தில் நான் கண்டெடுத்த உண்மைகள் மிகச் சில என்பதால் இதை முதலிலேயே பாராட்டிவிடுகிறேன்.

2. 19.11.2024 செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் உள்ள அம்மருத்துவமனையின் புதிய கட்டடத்தில், இரண்டாம் மாடி அறைகளுக்கு என் கணவர் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். 10.05 மணிக்கு ஒரு கண்ணாடி சட்டத்திலிருந்து நழுவி உடைந்து, இடது முழங்கைக்கு மேலே உள்பக்கத்தை ஆழமாக அறுத்துவிட்டது. உடன் வேலை செய்த பாண்டி, தன் தோளில் கிடந்த காசித்துண்டால் கையை இறுக்கிக் கட்டி, அவரைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கி, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்குக் கொண்டுவந்தார். புதிய கட்டடத்துக்கும் அந்த வாசலுக்கும் இடையே எண்பது அடி இருக்கலாம்.

‘விபத்து எங்களுக்குத் தொடர்பில்லாத ஓரிடத்தில் நிகழ்ந்துள்ளது’ என்கிறது பதில். தொடர்பில்லாத அந்த இடத்தின் முகப்பில் ‘கருணைச்சுடர் – விரைவில் திறப்பு விழா’ என்று இருபதடி நீளத்துக்குப் பதாகை தொங்குகிறது. தாங்கள் ஆய்வுக்கு வரும்போது தலையை நிமிர்த்த வேண்டிய அவசியம்கூட இராது, கார் கண்ணாடி வழியாகவே தெரியும்.

3. அவசரப் பிரிவில் பணியிலிருந்த மருத்துவர் வின்சி உடனே வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறார். ரத்தக்குழாய் அறுபட்டிருக்கிறது, உள்ளே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நிர்வாக அலுவலர் திரு. ராஜரத்தினம் வந்து, மருத்துவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு, பாண்டியிடம் கேட்ட முதல் கேள்வி: “இன்சூரன்ஸ் எது?” ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வியாகவும் வரவில்லை. “கார்டு இல்லன்னா சிஸ்டம் பேரை ஏத்துக்காதுப்பா. வீட்டுல இருந்து யாரையாவது வரச் சொல்லு” என்றாராம். என் கணவர் போர்டிகோவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அந்த ஸ்ட்ரெச்சர் உள்ளே போகவே இல்லை.

4. நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். 10.14-க்குப் பாண்டி கைபேசியில் அழைத்து, “மதினி, அண்ணனுக்குக் கையில கண்ணாடி இறங்கிருச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது, வெரசா வாங்க” என்றார். 10.22-க்கு எங்கள் கம்பெனி வாயிற்காவலரிடம் கையெழுத்திட்டு வெளியே வந்தேன். ஒரு தோழியின் ஸ்கூட்டரில் 10.31-க்கு மருத்துவமனையை அடைந்தேன்.

என் கணவர் வெளுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும், “ஏட்டி, அழுவாத. மிச்சக் கண்ணாடி உடையாம இருக்கான்னு பாண்டிட்ட கேளு” என்றார். உடைந்த ஒன்றுக்குக் கூலியில் பிடித்துவிடுவார்களே என்ற கவலை அவருக்கு. ஸ்ட்ரெச்சருக்குக் கீழே தரை சிவப்பாக இருந்தது. துடைக்கும் பெண் ஒருவர் வந்து இருமுறை துடைத்துவிட்டுப் போனார். அந்த மருத்துவமனையில் அன்று காலை எங்களுக்காகத் தாமதமின்றி நடந்த ஒரே பணி அதுதான்.

5. வரவேற்பு மேசையிலிருந்த பெண் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினார். “அட்மிஷன் ஃபார்ம்தான்மா, சைன் போடுங்க, உள்ள எடுத்துருவாங்க” என்றார். போட்டேன். அந்தத் தாளின் நகலைத்தான் மருத்துவமனை இப்போது தங்களுக்குச் சான்றாக அனுப்பியிருக்கிறது. ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, என் சொந்த விருப்பத்தின் பேரில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன்’ என்று அதில் இருப்பதாக என் மகள் வாசித்துச் சொன்னாள். ரத்தம் வடியும் கணவனை ஒரு மருத்துவமனை வாசலிலிருந்து சொந்த விருப்பத்தின் பேரில் வேறெங்கோ அழைத்துப்போகும் பெண் எப்படிப்பட்டவள் என்று, அத்தாளைத் தயாரித்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அவர்கள் கடிகாரத்தையாவது பார்த்திருக்கலாம். என் கையொப்பத்துக்குப் பக்கத்தில் நேரம் 10.15 என்று எழுதியிருக்கிறார்கள். 10.15-க்கு நான் கம்பெனியில் விளக்கு மேசை முன் நின்று, கைபேசியில் பாண்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயிற்பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன். நான் கிளம்புவதற்கு ஏழு நிமிடம் முன்பே என் கையொப்பம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நோயாளிகளிடம் இல்லாத வேகம் அம்மருத்துவமனையின் காகிதங்களுக்கு இருக்கிறது.

6. ‘நோயாளிக்கு முதலுதவியாக உயர்தரக் கட்டு போடப்பட்டது’ என்கிறது மூன்றாம் பக்கம். ஐயா, பதினெட்டு ஆண்டுகளாகக் காயத்துக்குக் கட்டும் துணியை இழை எண்ணிப் பார்த்து அனுப்புகிறவள் நான். ஒரு இழை விட்டிருந்தாலும் அந்தச் சுருளைத் தள்ளிவைப்பேன். என் கணவரின் கையில் இருந்தது பாண்டியின் சிவப்புக் காசித்துண்டு. கழுத்து வியர்வையும் சிமெண்ட் தூசியும் படிந்த துண்டு. அதைப் போட்டவர் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். அதற்கு உயர்தரம் என்று சான்று கொடுக்க மருத்துவமனை விரும்பினால் கொடுக்கட்டும், சான்றைப் பாண்டியின் பெயருக்குக் கொடுக்கட்டும்.

7. போர்டிகோவின் ஓரத்தில் அவர்களுடைய ஆம்புலன்ஸ்கள் இரண்டு நின்றன. அவற்றில் ஒன்றையாவது தரும்படி கேட்டேன். திரு. ராஜரத்தினம் குரலை உயர்த்தவில்லை. மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. “அது அட்மிஷன் ஆன பேஷண்டுக்கும்மா. நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு, செத்த நேரம் பொறுங்க” என்று, பேருந்துக்கு நிற்பவரிடம் சொல்வதுபோல் சொன்னார். 108 வண்டி அப்போது சேத்தூரில் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. கைபேசியில் கேட்டபோது அதன் ஊழியர்கள் அதை உண்மையாகச் சொன்னார்கள். அவர்கள்மீது எனக்குப் புகார் இல்லை.

8. 10.40 இருக்கும். மருத்துவர் வின்சி மீண்டும் வெளியே வந்தார். அவருக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது அதிகம் இருக்கலாம். என் கணவரின் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரு. ராஜரத்தினத்திடம் சொன்னார்: “சார், அவியளுக்குக் கண்ணு சொருகுது. நீங்க கார்டைப் பாருங்க, நான் அவியளப் பாக்கேன்.” அதற்கு அவர், “டாக்டர், இது போலீஸ் கேஸ் ஆகும், நம்ம பில்டிங்ல நடந்தது. வெளிய போனீங்கன்னா அப்படியே போயிருங்க” என்றார். என் காதால் கேட்டேன். ‘தொடர்பில்லாத இடம்’ அன்று அவர் வாயில் ‘நம்ம பில்டிங்’காக இருந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

மருத்துவர் திரும்பி நடந்தார். உள்ளே போனவர் கையுறையும் காஸ் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி ஏற்றி வந்த லோடு ஆட்டோவை எடுக்கும்படி பாண்டியிடம் சொன்னார். கண்ணாடிச் சில் கிடந்த அந்த வண்டியில் சாக்கை விரித்து, என் கணவரைப் படுக்கவைத்து, அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். இராஜபாளையம் ஊருக்குள் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே விடச் சொன்னார். வழி நெடுக ஒரு கையால் காயத்தின் உள்ளே அழுத்திக்கொண்டு, மறு கையால் அரசு மருத்துவமனைக்குப் பேசிக்கொண்டு வந்தார். “பேசிட்டே வாங்க அண்ணாச்சி, தூங்கக் கூடாது. உங்க ஊர்ல யார் வீட்டு ஜன்னல் பெருசு, சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் கணவர் வீடு வீடாகச் சொன்னார். மடவார் வளாகம் கோயிலைத் தாண்டும்போது அவர் பேச்சு நின்றது. மருத்துவர் கன்னத்தில் தட்டித் தட்டி மறுபடி பேசவைத்தார்.

9. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை வாசலில் எங்களுக்காக நின்றார்கள். அட்டை கேட்கவில்லை. பெயரைக்கூட ரத்தம் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் கேட்டார்கள். ரத்தப்போக்கை நிறுத்தி, பிற்பகலில் மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் ரத்தக்குழாயை இணைத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வாசலில் வீணாய்ப் போன அந்த அரை மணி நேரம் மட்டுமே கையைப் பறித்தது என்று நான் கூற மாட்டேன், நான் மருத்துவர் அல்லேன். மதுரையில் கேட்டபோது, “இவ்வளவு ரத்தம் போகாம வந்திருந்தா வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்மா” என்றார்கள். உயிர் மிஞ்சியதற்குக் காரணம் யார் என்று அவர்களிடம் கேட்கத் தேவைப்படவில்லை.

10. ‘மனிதாபிமான அடிப்படையில், திறப்பு விழா அன்று நடைபெறும் இலவச செயற்கைக் கை வழங்கும் முகாமில் நோயாளிக்கு முன்னுரிமை அளிக்கத் தயாராக உள்ளோம்’ என்று பதிலின் நான்காம் பக்கத்தில் உள்ளது. என் கணவரிடம் சொன்னேன். “மேடையில ஏத்திப் போட்டோ எடுப்பாவளோ?” என்று மட்டும் கேட்டார். அந்த முன்னுரிமையை வேறு தகுதியானவர்களுக்கு வழங்கும்படி மருத்துவமனைக்குத் தாங்கள் தெரிவித்துவிடலாம்.

11. அவசர நிலையில் வந்தவருக்கு முதலில் உயிர் காக்கும் சிகிச்சை, மற்றவை பிறகு என்பது போலீஸ் வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருப்பதாக அறிகிறேன். தங்களுக்கு நான் சட்டம் சொல்ல வரவில்லை. அது திரு. ராஜரத்தினத்தின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தெரிவிக்கவே குறிப்பிடுகிறேன்.

ஆகையால் தாங்கள் அருள்கூர்ந்து, (அ) அம்மருத்துவமனையின் 19.11.2024 நாளின் அவசரப் பிரிவுப் பதிவேட்டையும், ‘அன்று மட்டும் பழுதாகியிருந்த’தாக அவர்கள் பதிலில் சொல்லப்படும் போர்டிகோ கேமராவையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். (ஆ) ஏமாற்றிப் பெற்ற என் கையொப்பத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது. (இ) சிகிச்சை மறுத்ததற்காக மருத்துவமனையின் பதிவின்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

12. கடைசியாக ஒன்று. மருத்துவர் வின்சியை மறுநாளே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதோடு விடவில்லை. பணி நேரத்தில் அனுமதியின்றி வெளியேறினார், பதிவு செய்யப்படாத ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார், மருத்துவமனைக்குச் சொந்தமான காஸ் இரண்டு பாக்கெட், கையுறை ஒரு ஜோடி ஆகியவற்றை எடுத்துச் சென்றார் என்று அடுக்கி, அவர்மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள்.

இந்த மூன்று குற்றச்சாட்டுகளும் உண்மை. அவர் அனுமதியில்லாமல்தான் வெளியேறினார். பதிவு செய்யப்படாத ஒருவருக்குத்தான் சிகிச்சை அளித்தார். காஸ் இரண்டு பாக்கெட் என்பதும் சரி, வண்டியில் நானே பிரித்துக் கொடுத்தேன். விசாரணைக்கு நாள் குறித்துத் தெரிவித்தால் நானும் பாண்டியும் வந்து இவற்றுக்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எங்களோடு என் கணவரும் வருவார். வந்து, தங்கள் முன் நின்று, தன் பெயரைத் தானே சொல்வார்.

இம்மனுவின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்று,

(கி. பியூலா)

இடம்: சேத்தூர்
நாள்: 17.02.2025

இணைப்பு: கம்பெனி வாயிற்பதிவேட்டின் நகல், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை அரசு மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகள், பாண்டியின் எழுத்துமூல வாக்குமூலம்.