பிரேமினியின் கட்டிப் பரிசோதனை முடிவை எங்களுக்குச் சொல்லாமல் விட்டது பற்றி

அனுப்புநர்:
வீ. ஆண்டியப்பன்,
5ஆம் லயம், மேற்பிரிவு,
ராகலை.

பெறுநர்:
மாகாண சுகாதாரப் பணிப்பாளர் அவர்கள்,
கண்டி.

விடயம்: என் மகளின் மார்புக் கட்டிப் பரிசோதனை முடிவு மறைக்கப்பட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

1. முதியோர் வகுப்பில் எழுதப் பழகிய பின் என் கையால் எழுதும் முதல் மனு இது. ஒவ்வோர் எழுத்தும் தாளில் வந்து நிற்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. எழுத வந்த விடயம்தான் அப்படிப்பட்டதல்ல.

2. மகள் பிரேமினி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். சென்ற ஆண்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுடைய மார்புக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டைப் போத்தலில் போட்டு, கொழும்பில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடமே தந்தார்கள். நானுஓயாவில் ரயிலேறி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்தவர் ஊறுகாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

3. முடிவு வந்ததும் வைத்தியர், பயப்பட ஒன்றுமில்லை, வழக்கமான மருந்தே போதும் என்றார். அந்த வாட்டில் எங்களோடு தமிழில் பேசியவர் அவர் ஒருவர்தான், மற்றவர்களெல்லாம் சிங்களம். அதனால் மறு கேள்வி கேட்கவில்லை. எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் பயிரிட்ட லீக்ஸ் கீரையில் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

4. இந்த மாதம் மாற்றலாகி வந்த வைத்தியர் ஊர்மிளா அம்மா அந்தப் பழைய முடிவைப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்து விளக்கினார். வளரச் சொல்லும் செய்தியை வாங்க உடம்பின் கலங்கள்மேல் வாங்கிகள் உண்டாம். அவற்றை உண்டாக்கும் ஜீன் என்கிற பரம்பரை அலகு பிரேமினியின் கட்டியில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறதாம். கட்டி வேகமாக வளர்ந்தது அதனால்தானாம். அந்த வாங்கிகளை அடைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். புற்றுநோய் வேறெங்கும் பரவவில்லை, இப்போதும் தொடங்கலாம் என்றார்.

5. முதல் வைத்தியரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சொல்லி என்ன பிரயோசனம், ஐயா? அந்த மருந்தை வாங்க உங்களால ஏலுமோ?" என்றார்.

அது எங்களால் முடியாத விலைதான். ஆனால் அன்றே சொல்லியிருந்தால் கோயிலிலும் தொழிற்சங்கத்திலும் கையேந்தியிருப்போம். உங்களிடமும் அன்றே வந்திருப்போம். புரியாத மொழியில் ஏமாந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

6. அவர் பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மனுவை லயத்தில் எல்லோரும் வாங்கிப் பார்க்கிறார்கள். அவரை அவமானப்படுத்துவது என் நோக்கமல்ல. பிரேமினிக்கு அந்த மருந்தை அரசாங்கச் செலவில் தர வேண்டும். எந்த நோயாளியின் முடிவையும் அந்த நோயாளியிடமே சொல்லும்படி நீங்கள் உத்தரவிட வேண்டும். இவ்விரண்டையும் பணிவுடன் கேட்கிறேன்.

மருந்து இல்லை என்பதுதான் பதிலானாலும், அதை அப்படியே தமிழில் எழுதி அனுப்புங்கள். எங்கள் மனம் நோகுமென்று நீங்களும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

திகதி: 14.08.2006
இடம்: ராகலை

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வீ. ஆண்டியப்பன்